வேருக்குத் தெரியாமல்

‘வேர்’ என்ற சொல்லை நம்மைப்போல் தாராளமாகச் செலவழித்தவர்கள் இருக்க முடியாது. மரபின் வேர், மண்ணின் வேர், வேரற்ற தலைமுறை – சென்ற ஐம்பது வருஷ விமர்சனத்திலிருந்து இந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டால் பல கட்டுரைகள் எழுந்து நிற்காது. நானும் எழுதியிருக்கிறேன். எழுதியபோதெல்லாம் ஒரு வேரைக் கையில் எடுத்துப் பார்த்தவனில்லை. சென்ற மாதம்தான் பார்க்க நேர்ந்தது.

மொட்டைமாடியில் எட்டங்குல மண்தொட்டியில் ஒரு செம்பருத்தி. சில மாதங்களாக அது சரியாக இல்லை. கீழ் இலைகள் மஞ்சளாயின, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடித்துளை வழியாக ஓடியது. துளையில் வேர் நுனிகள் எட்டிப் பார்த்தன. நர்சரிக்காரரிடம் கேட்டதற்குத் தொட்டி போதவில்லை, பத்தங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள் என்றார். பெரிதாகவே வாங்கிவிடலாமே என்றேன். கூடாதாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, காற்றில்லாமல் வேர் அழுகும். முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் தாழ்ந்தபின், தண்டை விரலிடுக்கில் தாங்கித் தொட்டியைக் கவிழ்த்து விளிம்பில் தட்ட வேண்டும். “தாய்மண் உடையாம எடுங்க சார், வேருக்கே தெரியக்கூடாது” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. கவரும்படியான வாக்கியங்களை நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

கவிழ்த்தபோது கையில் வந்தது மண் அல்ல. தொட்டியின் வடிவம் வந்தது. வேராலேயே ஆன தொட்டி. சுவரில் முட்டிய வேர் திரும்பி, சுவரை ஒட்டியே ஓடி, ஓடிய வழியிலேயே மறுபடி ஓடி, வெண்ணிறப் பிரிமணை மாதிரி சுற்றியிருந்தது. தோட்டக்கலைப் புத்தகங்கள் இந்த இடத்தில் வேறொன்று சொல்கின்றன. இப்படிச் சுற்றிய வேர்க்கட்டியை அப்படியே புதுத் தொட்டியில் இறக்கினால், அது பெரும்பாலும் பழைய வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றிலும் புது மண் இருந்தும் அதற்குள் போகாது. மரவகையானால் தடித்த வேர் பின்னாளில் தண்டையே நெரிப்பதும் உண்டு. ஆகவே விரலால் கோதிப் பிரிக்க வேண்டும். பிரியாவிட்டால் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கீற வேண்டும். வேருக்குத் தெரியக்கூடாது என்பதும் வேரைக் கீறு என்பதும் ஒரே காரியத்துக்கான இரண்டு விதிகள்.

இரண்டில் முதலாவது விதியே ஒரு கற்பனை என்று இப்போது தோன்றுகிறது. 1937-இல் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், ஒரு சதுர அடி அகலமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான ஆழமும் கொண்ட பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களை அளந்தார். வேர்களின் மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். வேர்த்தூவிகள் 1400 கோடி. அவற்றின் நீளம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு தூவி என்பது ஒரு செல் நீண்டது, அவ்வளவுதான். அது மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீரை வாங்குவதில் பெரும் பங்கு அதனுடையது. நாம் கண்ணால் பார்த்து, உடையாமல் காப்பாற்றிவிட்டதாக நிம்மதி கொள்கிற தடித்த வேர், பெரும்பாலும் தாங்கவும் கடத்தவும்தான். எவ்வளவு மென்மையான கையானாலும் தூவிகள் அறுந்தே தீரும். எனவே ‘சேதமில்லாமல்’ என்றால் ‘எனக்குத் தெரியாத சேதத்தோடு’ என்றுதான் பொருள். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1724-இல் ஒரு சூரியகாந்தித் தொட்டியை ஈயத் தகட்டால் மூடி, பதினைந்து நாள் எடைபோட்டு, அது பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்குமேல் நீரைக் காற்றில் விடுகிறது என்று கண்டார். மாற்றி நட்ட மறுநாளும் இலை தன் பங்குக்கு நீரை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கீழே வாங்குவதற்கு ஆளில்லை. இலை துவள்கிறது. நாம் வெயில் அதிகம் என்கிறோம்.

தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓர் அறிவை மட்டும் தருகிறது. அது தொடு உணர்வு. இதை விலங்குக்கும் மனிதனுக்கும் கீழான படி என்றே நமக்குப் பள்ளியில் சொன்னார்கள். இருக்கிற ஒரே புலன் தொடுதல் என்றால், மண்ணிலிருந்து எடுப்பது அதன் மொத்தப் பிரக்ஞையின்மீதும் நிகழ்கிற காரியம் என்று அந்த மாலை, கையில் வேர்க்கட்டியோடு நின்றபோது பட்டது. மிகையான எண்ணம்தான். தாவரத்துக்குப் பிரக்ஞை உண்டா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கேள்வி எடுக்கிறவனைப் பற்றியது.

மூன்று வருஷங்களுக்கு முன் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தேன். அப்பா போனபின் அந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். கொல்லைக் கிணற்றடியில் ஒருமுறை விழுந்தாள். வேறு வழியில்லை என்று அப்போது நினைத்தேன்; இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அழைத்து வந்த விதம்தான் விஷயம். “கொஞ்ச நாளைக்குத்தாம்மா, கால் சரியானதும் போயிடலாம்” என்றேன். பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அவளுடைய சாமான்கள் சிலவற்றைக் கொண்டு வந்தேன்: அஞ்சறைப் பெட்டி, மரப்பலகை, அவள் படுக்கும் கோரைப்பாய், சுவாமி படங்கள். எதையும் அவள் விட்டுவிட நேரவில்லை. தாய்மண் உடையவே இல்லை. நண்பர்கள் பாராட்டினார்கள்.

அம்மா நாலரைக்கு எழுந்து, இங்கே இல்லாத கொல்லைக்கதவைத் திறக்கப் போகிற திசையில் போய், சமையலறைச் சுவர் வரை சென்று திரும்புகிறாள். பக்கத்துப் போர்ஷன்காரர்களின் பெயர் அவளுக்கு இன்றும் தெரியாது. ‘கொஞ்ச நாள்’ இருப்பவள் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? நவராத்திரிக்கு யாராவது கூப்பிட்டால், அடுத்த வருஷம் ஊரில் இருப்பேன் என்கிறாள். நான் அவளுக்கு வலிக்காமல் செய்தேன். அதனாலேயே அவள் வந்து சேரவில்லை. ஊரில் இருக்கும் வீட்டுக்கும் இங்கிருக்கும் அறைக்கும் நடுவே ஒரு பொய்யின் மீது மூன்று வருஷமாக அவளை வைத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. வங்கியில் அதிகாரிப் பதவி உயர்வை நான் இருமுறை மறுத்திருக்கிறேன். எழுதுவதற்கு நேரம் வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மையில் இடமாற்றத்துக்குப் பயம். புத்தகங்கள், நாலைந்து நண்பர்கள், திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை – இவற்றை விட்டுப் போக முடியாது என்று எனக்காக நான் முடிவெடுத்துக்கொண்டேன். மறுக்கிற உரிமை எனக்கு ஒரு காகிதத்தில் இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு காகிதம் தரப்படவில்லை.

ஆட்சேபணை வரும். தஞ்சைப் பக்கத்தில் பிறந்தவன் பிடுங்கி நடுவதைப் பற்றி இவ்வளவு புலம்பலாமா? நாற்றங்காலில் நாற்றைக் கொத்தாகப் பறித்து, மண் போக உதறி, முடி கட்டி எறிகிறார்கள். வேர் பாதி அங்கேயே போய்விடுகிறது. நட்டபின் சில நாள் வெளுத்து நின்று பிறகு பச்சை பிடிக்கிறது. நெல் தண்டின் அடிக்கணுவிலிருந்து புது வேர் விடும் பயிர். இருபத்தைந்து நாள் வயசு. ஒற்றை நாற்று நடவில் இன்னும் இளசாக, பதினைந்து நாளுக்குள்ளாகவே நடுகிறார்கள், அதையும் வேர் அறாமல் பார்த்து எடுக்கச் சொல்கிறார்கள். வயசு ஒரு நியாயத்தை மாற்றிவிடுகிறது. பதினெட்டில் சென்னைக்கு வந்த நான் நாற்று. அறுபத்தேழில் வந்தவளுக்கு என் அனுபவத்தை அளவுகோலாக வைத்தேன்.

சிமோன் வேய், 1943-இல் லண்டனில், சாகிற வருஷத்தில், வேர்கொள்ளுதலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள், 1949-இல் வெளிவந்தது. வேர் பிடுங்கப்பட்டவனே பிறரைப் பிடுங்குகிறான் என்ற பொருளில் அதில் ஓரிடம் வருகிறது. முன்பு படித்தபோது அதைச் சரித்திரத்துக்கு மட்டும் பொருத்திக்கொண்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு அதைப் பொருத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. கான்கிரீட் வீடு கொடுத்திருக்கிறோமே என்று அரசாங்கம் சொன்னபோது, நகருக்குள் இருந்த வேலையும் பள்ளியும் என்ன ஆவது என்று கோபப்பட முடிந்தது. கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பதுதான் அன்று நம் எல்லோருடைய குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டு. அவர்கள் லாரி கொண்டுவந்தார்கள், நான் டாக்ஸி.

இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. உவமை தன் போக்கில் இழுத்துச் செல்லும், எச்சரிக்கையாக இருக்க வேண்டும். செடியிடம் சொல்ல முடியாது. கீறுவதற்கு முன் அதன் சம்மதத்தைக் கேட்கும் மொழி நம்மிடம் இல்லை. ஆகவே அங்கே கையின் திறமை மட்டுமே அறம். அம்மாவிடம் மொழி இருக்கிறது. இனித் திரும்ப முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், என்மேல் கோபப்பட்டிருப்பாள், நாலு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பாள். அந்த நாலு நாளைப் பார்க்க எனக்குத் திராணியில்லை. ‘அவளுக்கு வலிக்கக்கூடாது’ என்று நான் சொன்னதன் முழு அர்த்தம் இவ்வளவுதான். வலியை நீக்கினேனா, தவணையில் மாற்றினேனா? வங்கிக்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

செம்பருத்தியை நான்கு இடத்தில் கீறினேன். வெள்ளை வேர் அறுகிற சத்தம் மெல்லியதாகக் கேட்டது. பழைய உயரத்திலேயே மண் நிற்கும்படி நட்டு, தண்ணீர் விட்டு, படிக்கட்டு நிழலில் வைத்தேன். மூன்றாம் நாள் முழுசாகத் துவண்டது. பதினோரு இலை உதிர்ந்தது. நாலு வாரம் ஆகிறது. நுனியில் ஒரு தளிர் இருக்கிற மாதிரி இருக்கிறது, அதை மொட்டு என்று அம்மா சொல்கிறாள்.

கும்பகோணத்து வீட்டுக்கு ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். முன்பணம் வாங்கலாமா என்று தரகர் இருமுறை போன் செய்துவிட்டார். சாவி என் மேஜை டிராயரில் இருக்கிறது. நாளை இரண்டாம் சனி, வங்கி கிடையாது. காலையில் அவள் காப்பி குடித்தபின் சொல்வதாக இருக்கிறேன். அவள் விற்கக்கூடாது என்றால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.