திரும்பிவர ஓர் இடம்

கொல்கத்தா காலேஜ் ஸ்கொயரில் மகாபோதி சங்கத்தாரின் தர்மராஜிக விகாரை 1920 முதல் நிற்கிறது. அந்நகருக்கு வடக்கே ஆரியதகாவில் துருவாசிரமம் என்னும் கூர்நோக்கு இல்லம் உளது. சட்டத்திற்கு முரண்பட்ட சிறுவர் அங்கே வைக்கப்படுகின்றனர். புராணங்களில் நமக்கு ஈடுபாடில்லையெனினும், தந்தையின் மடியில் இடம் மறுக்கப்பட்ட துருவனின் பெயர் அவ்வில்லத்திற்குப் பொருத்தமே.

இத்தகைய இல்லங்களிலிருந்து வெளிவந்த சிறுவருள் சிலர் மீண்டும் குற்றம் இழைத்து அங்கேயே வருகின்றனர். உடனே, "பிறவிக் குணம் போகுமா?" என்கிறது உலகம். இச்சொல்லைக் கேட்டு நம்மவர் திடுக்கிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் இதன்மீதன்றோ கட்டப்பட்டது! 1911இல் அது சென்னை மாகாணத்தையும் பற்றிற்று; நாடு முழுவதிலும் 1952இல்தான் நீங்கிற்று.

குற்றம் செய்தவனும் விடுதலையாகி வருபவனும் ஒருவனேயா? மறுபிறப்பைக் குறித்து மிலிந்த மன்னன் இவ்வாறே வினவினான். அவனே என்பதையும் வேறொருவன் என்பதையும் நாகசேனர் ஒருங்கே மறுத்தார். முற்றும் அவனே எனின் திருந்துதற்கு வழியில்லை. முற்றும் வேறொருவன் எனின் செய்த வினைக்குப் பொறுப்பாளர் இல்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு சிறுவனைப் பற்றாது என்கிறது அதன் 24ஆம் பிரிவு. பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட பதினாறு வயது கடந்தோர்க்கு மட்டும் விலக்குண்டு. ஆனால் ஏட்டில் அழிந்தது தெருவில் அழிவதில்லை. வேலை கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. பழைய கூட்டாளி ஒருவனே அன்புடன் அழைக்கிறான்.

அங்குலிமாலர் பிக்குவான பின்னும் சாவத்தி வீதிகளில் கல்லடி பட்டார். பகவான் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். வினைப்பயன் இல்லையென்று சொன்னாரில்லை. நெடுநாள் இவ்வரலாற்றில் நான் பொறுமை ஒன்றையே படித்து வந்தேன். மண்டை உடைந்து குருதி வழிய வந்தவருக்குத் திரும்பிவர ஓரிடம் இருந்தது என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அவரைப் பிடிக்கப் படையுடன் புறப்பட்ட பசேனதி மன்னனே அவருக்குச் சீவரமும் உணவும் அளிக்க முன்வந்தான்.

மக்களின் அச்சமும் பொய்யன்று. அவர்கள் முறையிட்டதன்மேல், பேர்போன கள்வருக்கு இனித் துறவு தரலாகாது என்று வினயத்தில் விதிக்கப்பட்டது. ஆயினும் அங்குலிமாலர் வெளியேற்றப்படவில்லை.

இல்லத்தை விட்டுச் செல்லும் பதினெட்டு வயதினர்க்குப் பொருளுதவி அளிக்கலாம் என்கிறது 46ஆம் பிரிவு. நன்று, பணத்தோடு மனிதரும் வேண்டுமே. பட்டறையும் கடையும் வைத்திருக்கும் உபாசகர்கள் நம்மில் உள்ளனர். அத்தகைய சிறுவனை வேலைக்கு அமர்த்தி, முதல் மாதமே அவன் ஏதேனும் களவாடினாலும் விலக்காமல் இருத்திக்கொள்ள எத்தனை பேர் இசைவோம்? என்னையே கேட்டுப் பார்த்தேன். விடை உடனே வரவில்லை.