பிள்ளையின் நோட்டும் பெரியவரின் பேனாவும்

கொல்லிமலையில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். மாலையானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கணக்கு நோட்டையும் அறிவியல் நோட்டையும் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வந்துவிடுகிறார்களாம். "தாய் தகப்பனுக்கு எழுத்து வாசனை கிடையாது, ஹஜ்ரத். வியாபார நேரத்தில் விளக்கிச் சொல்ல எனக்கும் முடியவில்லை. விடையை நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இது ஸதகாவில் சேருமா?"

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறவேண்டிய மலை அது. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர்தான் அப்படி, பேசுவது தமிழ். மிளகும் காப்பியும் பலாவும் தாராளமாக விளைகிற அந்த மலையில், வீட்டுப் பாடத்துக்கு உதவ ஆள் கிடைப்பது எளிதல்ல. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தையே தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிவிட்ட பிறகு பிள்ளைக்கு அருகில் உட்கார ஒருவர் வேண்டும் என்பது அன்று ஊரறிந்த உண்மையாயிற்று.

"இது துன்யாக் கல்விதானே, பிள்ளையும் நம் பிள்ளையல்லவே" என்று சிலர் சொல்லக்கூடும். பத்ருப் போரில் கைதான மக்காவாசிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்துவிட்டு விடுதலையாகலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். அங்கே கற்பித்தவர்கள் முஸ்லிம்களல்லர்; கற்பித்ததும் வெறும் எழுத்துத்தான். கேட்டு வருபவரை விரட்ட வேண்டாம் என்று லுஹா அத்தியாயம் கட்டளையிடுகிறதே, அதில் கல்வி கேட்டு வருபவரும் அடங்குவார் என முபஸ்ஸிரீன்கள் விளக்கியுள்ளனர். எனவே உதவலாமா என்பதில் நமக்கு ஐயமே இல்லை.

உதவும் விதத்தில்தான் சிக்கல். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்துரைத்தார்கள். பெரியவர் எழுதிய விடையைச் சுமந்து செல்லும் நோட்டும் அப்படிப்பட்ட குவியல்தான். ஆசிரியர் அதைப் பார்த்து, பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வந்துவிட்டது என்று நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. இதில் குற்றம் யார்மீது? பருவமடையும் வரை பிள்ளையின் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது ஹதீஸ். பிள்ளையின் கணக்கில் பதிவாகாத பாவம், பேனாவைப் பிடித்த பெரியவரின் கணக்கில் ஏறாது என்று எந்தத் துணிவில் சொல்வது?

'நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?' என்று ஒரு கேள்வி இருக்கிறதென்று வையுங்கள். 100 என்று எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். ஆனால் கொல்லிமலையின் உயரம் சுமார் 1000 முதல் 1300 மீட்டர். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், அந்தப் பிள்ளையின் வீட்டு உலையில் நீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாடநூலின் 100 கடல்மட்டத்துக்கு உரியது. மூடாத பானையில் சோறு வேக மலைமேல் நேரம் கூடுவதும் இதனால்தான். இதைப் பேசிப் பார்த்தால் அந்த வீட்டு அடுப்பே பாடமாகிவிடும். 100 என்ற விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால், பிள்ளை தன் கண்ணெதிரே இருப்பதையும் பார்க்காமல் போய்விடும்.

நேரமில்லை என்பது பொய்யான சாக்கல்ல. தராசும் வாடிக்கையாளரும் காத்திருக்கும்போது எவருக்கும் பொறுமை போகும். ஆயினும் ஒரு ஹதீஸை நினைவூட்டுவோம். அவசரமாகத் தொழுத ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை திருப்பி அனுப்பினார்கள். இதைவிட நன்றாகத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்ட பிறகு படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளையையும் முதலில் தானே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். முட்டி நிற்கும் இடத்தில், வேறு எண்களை வைத்து அதே போன்ற ஒரு கணக்கைப் போட்டுக் காட்டலாம். நோட்டில் உள்ளதைப் பிள்ளைதான் போட வேண்டும். விடை தவறாகவே இருந்தாலும் இருக்கட்டும், ஆசிரியர் திருத்துவார். நமக்கே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வதில் இழுக்கில்லை.

மலைப் பிள்ளைகளோடு இது முடியவில்லை. மக்தபுக்கு நேரமாகிறது என்று மகனின் கணக்கைத் தாமே முடித்து வைக்கும் தாய்மார்களை நம் தெருக்களிலும் காண்கிறோம். மார்க்கத்துக்காகத்தானே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பராயிளும் மார்க்கம்தான், தாயே! ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் மட்டும் விட்டு இறந்தால், கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியதை 24 பங்காக்கி, மனைவிக்கு எட்டில் ஒன்றான 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 என்று பிரிக்க வேண்டும். பின்னக் கணக்கைத் தாயின் கையெழுத்தில் கொண்டுபோன பையன் நாளை அந்தச் சபையில் உட்காரும்போது, தன் தங்கைக்கு அந்த 7 பங்கு எப்படி வந்தது என்பதை இன்னொருவர் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.