பாசமும் நினைவகமும்

மெல்போர்னின் தென்கிழக்கே, மோனாஷ் நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் மல்கிரேவில் வாரமெல்லாம் நிரல் எழுதி, ஓய்வு நாளில் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்தில் கைகூப்பி நிற்கும் தமிழருக்கு, சேவையகத்தின் நினைவகத்தைப் பேணும் தொழிலும் பந்த மோட்ச விசாரமும் வெவ்வேறு உலகங்களாகத் தோன்றக்கூடும். ஆயினும் உயிர் தன் முயற்சியால் மட்டும் பாசம் என்னும் கட்டினின்று விடுபட வல்லதா என்று சைவ சித்தாந்தம் எழுப்பிய வினா அத்தொழிலின் நடுவிலேயே நிற்கிறது என்பது என் துணிபு.

1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில் எழுதப்படும் நிரல், வழக்கமாக ஒரு கோரிக்கைக்கென்று பிறந்து, விடையளித்ததும் முடிந்துபோகும்; அது கொண்டிருந்த நினைவகம் அனைத்தும் அப்போதே மீட்கப்படும். சங்காரம் என்பது இளைத்த உயிருக்கு இறைவன் அளிக்கும் ஓய்வு என்று சித்தாந்திகள் கண்டது எத்துணை ஆழ்ந்த நோக்கு என்பதை, அவ்வோய்வு வாய்க்காத நிரலைக் கண்டால் உணரலாம். வரிசையில் வரும் பணிகளை நாட்கணக்காக ஏற்றுச் செய்துகொண்டே இருக்கும் அந்நிரலில், சுற்றுக்குச் சுற்று ஏதோ மிச்சம் தங்கி, சஞ்சித கர்மம் போலத் திரண்டு, இயல்பாக விதிக்கப்பட்ட 128 மெகாபைட் எல்லையைத் தொட, அது பணியின் பாதியிலேயே வீழ்ந்துவிடுகிறது.

ஒரு பொருளை எத்தனை இடங்கள் பற்றியிருக்கின்றன என்று அம்மொழி எண்ணி வருகிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் அப்பொருள் விடுபடும். இரு பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்க, மற்ற யாவும் அவற்றைக் கைவிட்ட பின்னரும், அவற்றின் எண்ணிக்கை பூஜ்யமாவதே இல்லை. யான், எனது என்னும் இரண்டும் இவ்வாறே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 2009-இல் வந்த 5.3 பதிப்பு, டேவிட் பேக்கனும் வி. டி. ராஜனும் 2001-இல் வகுத்த நெறியைத் தழுவி, இதற்கொரு பரிகாரம் செய்தது. ஐயத்துக்குரிய பொருள்கள் ஏறத்தாழ 10,000 சேர்ந்ததும் துப்புரவுப் பகுதி விழித்து, அவை தமக்குள் கொண்ட பற்றுகளையெல்லாம் கழித்துப் பார்க்கிறது. கழித்த பின் வெளிப்பிடி ஏதும் எஞ்சாதவற்றை விடுவிக்கிறது. கட்டுண்டது தன் கட்டைத் தானே அவிழ்க்க மாட்டாது, அருள் வந்து அவிழ்க்க வேண்டும் என்னும் கொள்கை இங்கே கண்கூடாகிறது.

எனினும் அத்துப்புரவு எல்லாவற்றையும் தொடுவதில்லை. முடிந்த பணிகளின் விவரங்களை ஒரு நிலையான பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், அது உயிருள்ள பிடியாதலால், எழுதியவர்தாம் தம் கையால் விடவேண்டும். நல்வினை தீவினைகளை ஒப்ப நோக்கும் இருவினையொப்பும், மலம் பக்குவமுறும் மலபரிபாகமும் கூடிய பின்னரே அருள் பதியும் சத்திநிபாதம் என்று நம் ஆசாரியர்கள் வரிசைப்படுத்தியதன் நியாயம் இதுவே. முயற்சி வேண்டா, அருளே போதும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

குறிப்பிட்ட அளவு பணிகள் முடிந்ததும் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கச் செய்வாரும் உளர். காவலாக அது நல்லதே; மறுபிறவி விடுதலையாகாது என்பதை மட்டும் அவர்கள் மறத்தலாகாது, ஏனெனில் புதிதாகத் தொடங்கிய நிரலும் முதற்பணியிலிருந்தே அதே பட்டியலை நிரப்பத் தொடங்குகிறது.