அமாவாசைக்கு அப்பா, பௌர்ணமிக்கு அம்மா

ஓம் சரவணபவ.

பிள்ளையை காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்த பெற்றோர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கீங்க. "பையன் போனே எடுக்க மாட்டேங்கிறான்." "பொண்ணு மெசேஜைப் பார்க்கிறா, ப்ளூ டிக் விழுது, பதில் மட்டும் வர்றதில்லை." இந்தப் புலம்பல் இப்போ எல்லா வீட்டிலும் கேட்குது. இன்னைக்கு இதைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம். வீட்டை விட்டுத் தள்ளிப் போன பிள்ளையோடு எப்படித் தொடர்பில் இருப்பது என்பதற்கு, நம்ம முருகப்பெருமான் கதையிலேயே வழி இருக்கு.

மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனி மலையேறிய கதை சின்னக் குழந்தைக்கும் தெரியும். சிவபுராணம் இதையே கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறது. உலகைச் சுற்றி வரும் போட்டி. முருகன் சுற்றி முடித்து வருவதற்குள் அண்ணன் பிள்ளையாருக்குக் கல்யாணமே முடிந்துவிடுகிறது. மனசு உடைந்துபோன முருகன், கயிலாயத்தை விட்டு கிரௌஞ்ச மலைக்குப் போய்விடுகிறார்.

பெற்ற மனம் சும்மா இருக்குமா? முதலில் தேவர்களையும் முனிவர்களையும் தூது அனுப்பினார்கள். முருகன் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று சிவனும் பார்வதியும் கிளம்பினார்கள். அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் முருகன் என்ன செய்தார் தெரியுமா? அங்கிருந்தும் எழுந்து, இன்னும் மூன்று யோசனை தூரம் தள்ளிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிங்க. தேடித் துரத்திப் போனால் பிள்ளை இன்னும் தள்ளித்தான் போவான். ஈசனுக்கே அதுதான் நடந்தது.

அதற்குப் பிறகு அம்மையப்பன் செய்ததுதான் நமக்குப் பாடம். அவர்கள் மேலும் துரத்தவில்லை. "போனால் போகட்டும்" என்று கயிலாயத்துக்குத் திரும்பிப் போகவும் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஜோதி வடிவாகத் தங்கிவிட்டார்கள். அந்த இடம்தான் ஸ்ரீசைலம். ஆந்திராவில், நல்லமலைக் காட்டுக்கு நடுவே, கிருஷ்ணா நதிக்கரையில், பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. தேவாரத்தில் இதற்குத் திருப்பருப்பதம் என்று பெயர். அங்கிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் சிவபெருமான் பிள்ளையைப் பார்க்கப் போகிறார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பார்வதி அம்மை போகிறாள். இப்படித்தான் புராணம் சொல்கிறது.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கு.

முதலாவது, நாள் குறித்துப் போனார்கள். நினைத்தபோதெல்லாம் போய் நிற்கவில்லை.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எங்க வேலையில் ஹார்ட்பீட் என்று ஒன்று உண்டு. ஒரு சர்வர் நல்லா இருக்கா என்று தெரிந்துகொள்ள, குறிப்பிட்ட இடைவெளியில் அதிலிருந்து ஒரு சின்ன சிக்னல் வரும். அதில் பெரிய செய்தி எதுவும் இருக்காது. "இருக்கேன்" என்பது மட்டும்தான். ஒரு சிக்னல் தவறினால் உடனே யாரும் பதற மாட்டோம். தொடர்ந்து பல சிக்னல் வராமல் போனால்தான் எழுந்து ஓடுவோம். ஆனால் "இருக்கியா, இருக்கியா" என்று நொடிக்கு நூறு தடவை நாமே கேட்டுக்கொண்டிருந்தால், அதற்குப் பதில் சொல்லியே சர்வர் படுத்துவிடும்.

பிள்ளைகளும் அப்படித்தான். "சாப்டியா, எங்க இருக்க, ஏன் எடுக்கல" என்று நாளைக்குப் பத்து தடவை கேட்பதை விட, ஞாயிறு சாயங்காலம் ஒரு வீடியோ கால் என்று இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க. நேரத்தைப் பிள்ளையே சொல்லட்டும். மற்ற நாளில் கேள்வியே இல்லாத மெசேஜ் ஒன்று போதும். கிருத்திகை அன்று வீட்டில் ஏற்றிய விளக்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. சஷ்டிக்குப் பாட்டி செய்த பாயசத்தை அனுப்புங்க. தெரு நாய் குட்டி போட்டிருந்தால் அதையும் அனுப்புங்க. பதில் வராட்டியும் பரவாயில்லை. ப்ளூ டிக் விழுந்தால் அதுவே ஹார்ட்பீட்தான். அதை வைத்து, "பாத்தியே, ஏன் பதில் போடல" என்று சண்டைக்குப் போகாதீங்க. அந்த டிக்கை மறைத்து வைக்கிற வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கு. அடுத்த நாள் பிள்ளை அதைச் செய்துவிடும். அதுதான் மூன்று யோசனை தூரம்.

இரண்டாவது, தனித்தனியாகப் போனார்கள். இது ரொம்ப முக்கியம். நம்ம வீடுகளில் அப்பா பேசுவதே அம்மா வழியாகத்தான். "அப்பா கேக்கறாரு, ஃபீஸ் கட்டியாச்சான்னு." அப்பா நேராக போன் பண்ணினாலே பிள்ளைக்கு பக்கென்று இருக்கும், ஏதோ மார்க் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று. ஆனால் அங்கே பாருங்க. நிலவு நிறைந்த நாளில் அம்மா போகிறாள். நிலவே இல்லாத இருட்டு நாளில் அப்பா போகிறார். பிள்ளைக்கு அரியர் விழுந்த நாள், பிளேஸ்மெண்டில் பெயர் வராத நாள், நண்பர்களோடு மனஸ்தாபம் வந்த நாள், இதெல்லாம் அமாவாசைதான். அன்னைக்கு அப்பாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தால் எப்படி இருக்கும்? "பார்த்துக்கலாம் பா, நான் இருக்கேன்." ஐந்து நொடி போதும். அதை அந்தப் பிள்ளை எத்தனை தடவை போட்டுக் கேட்கும் தெரியுமா?

மூன்றாவது, இறங்கி வா என்று கட்டாயப்படுத்தவில்லை. அவன் மலை அவனுக்கு. போனில் டிராக்கிங் ஆப் போட்டுவிடுவது, எந்நேரமும் லைவ் லொகேஷன் கேட்பது, ஹாஸ்டல் நண்பர்களிடம் ரகசியமாக விசாரிப்பது, இதெல்லாம் தூது அனுப்புகிற கதைதான். பலன் என்ன ஆச்சு என்று புராணத்திலேயே பார்த்தோம். அதே மாதிரி, பிள்ளையின் மார்க்கைச் சொந்தக்காரங்க குரூப்பில் போடாதீங்க. நல்ல மார்க்காக இருந்தாலும், போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.

"அப்போ என்னதான் பேசுறது?" என்று கேட்பீங்க. அதற்கு சுவாமிமலைக்கு வாங்க. பிரணவத்தின் பொருளைப் பிள்ளையிடம் சீடனாக இருந்து கேட்டார் அப்பன். இன்றைக்கும் அங்கே கீழே சுந்தரேஸ்வரர், அறுபது படி ஏறினால் மேலே சுவாமிநாதன். அப்பா கீழே, பிள்ளை மேலே! உலகத்துக்கே குருவானவர், பிள்ளை முன்னால் மாணவனாக நின்றதில் குறைந்து போகவில்லை. நாம மட்டும் ஏன் தயங்கணும்? "இந்த செமஸ்டர்ல என்ன படிக்கிற, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்று கேளுங்க. "இந்த ஆப்ல பணம் எப்படி அனுப்புறது, சொல்லிக் குடு" என்று கேளுங்க. சொல்லும்போது குறுக்கே பேசாதீங்க. "நான் படிக்கும்போது" என்று ஆரம்பிக்காதீங்க. பாடம் சொல்ல ஆரம்பித்த பிள்ளை, மெதுவாக மனசில் இருப்பதையும் சொல்லும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விட்டுப் பிடிப்பது வேறு, கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. வழக்கமாகப் பேசும் பிள்ளை பல நாள் சத்தமே இல்லாமல் இருந்தாலோ, தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கலை, எதுவுமே வேண்டாம் போல இருக்கு என்று சொன்னாலோ, போனை வைத்துவிட்டு பஸ் ஏறுங்க. அன்னைக்கு அறிவுரை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கு. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளையும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம். இந்த எண்ணை இப்பவே போனில் சேமித்து வைங்க. பிள்ளைக்கும் அனுப்பி வைங்க.

முருகனடியார்களே, கோபித்துக்கொண்டு போன பிள்ளையை அம்மையப்பன் கைவிடவும் இல்லை, கட்டிப்போடவும் இல்லை. கூப்பிடு தூரத்தில் ஜோதியாக இருந்தார்கள். தன் முறை வந்தபோது போய்ப் பார்த்தார்கள். நம்ம வீட்டிலும் அந்த விளக்கு எரியட்டும். பிள்ளை திரும்பிப் பார்க்கிற நேரத்தில் அது எரிந்துகொண்டிருக்கணும், அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலும் மயிலும் துணை இருக்கட்டும். இதைப் படித்த அப்பாக்கள், வர்ற அமாவாசையை மறந்துடாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!