உடனிருப்பவனின் கேள்வி

"தயிர் சேர்க்கலாமா டாக்டர்?" என்ற கேள்வியை நம் வாரப் பத்திரிகைகள் வெகுகாலமாகத் துணுக்காக்கி விற்று வந்திருக்கின்றன. தலைக்குக் குளிக்கலாமா, மாத்திரையைப் பாலில் கொடுக்கலாமா, ஊசி போட்ட அன்று கறி ஆகுமா என்பதெல்லாம் அறியாமையின் பாற்பட்டவை என்று படித்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவற்றுக்குப் பதில் சொல்லும் காரியம், மருத்துவ அறத்தின் பெரிய பிரச்னைகள் எனப்படுபவற்றைவிடச் சிக்கலானது என்று நினைக்கிறேன்.

தத்துவவாதிகள் பெரிய பிரச்னையாக எடுத்துக்கொண்டது பொய்யை. துரத்தி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் கூடாது என்று காண்ட் 1797ல் வாதாடினார். தீமையற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையோடு சேர்த்தி என்பது வள்ளுவர் கட்சி. டாக்டர்கள் நெடுங்காலம் வள்ளுவர் பக்கம்தான். அமெரிக்காவில் 1961ல் வெளியான ஒரு கணிப்பில், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்ல விரும்புவதில்லை என்றவர்கள் 90 சதவீதம். 1979ல் வெளியான இன்னொன்றில், சொல்லிவிடுவதே தங்கள் வழக்கம் என்றவர்கள் 97 சதவீதம். பதினெட்டு வருஷத்தில் ஒரு தொழிலின் அறம் தலைகீழாகியிருக்கிறது. ஆனால் இரண்டு காலத்திலும் சர்ச்சை, டாக்டர் வாயிலிருந்து வருவது உண்மையா பொய்யா என்பதோடு நின்றுவிட்டது. கேட்டவன் கேட்டதற்குத்தான் பதில் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

டால்ஸ்டாய் பார்த்தார். 1886ல் வந்த 'இவான் இலியிச்சின் மரண'த்தில் டாக்டர் பொய் சொல்வதில்லை. சிறுநீரகம் இடம் பெயர்ந்திருக்கிறதா, குடல்வாலில் கோளாறா என்று அவர் மிகுந்த நேர்மையோடு ஆராய்கிறார். இவான் இலியிச்சுக்குத் தெரியவேண்டியதோ, இது ஆபத்தானதா இல்லையா என்ற ஒன்றுதான். கூச்சத்தோடு கேட்டும்விடுகிறான். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வருகிறது. நீதிபதியான இவான் இலியிச் கூண்டில் நின்றவர்களிடம் அதே பார்வையைக் காட்டியவன். கேள்வியை அனுமதிப்பதும் மறுப்பதும் அதிகாரத்தின் காரியம் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன பக்கங்கள் எனக்குத் தெரியாது.

நம்மிடையே கேட்கிறவன் பெரும்பாலும் நோயாளிகூட இல்லை. நோயாளி வெளியே போனபின் தயங்கி நிற்கிற மகன். மருந்துச் சீட்டும் கையுமாகக் கதவருகே திரும்புகிற மனைவி. வியாதியின் பெயர், அளவுகள், எண்கள் எல்லாம் ஆஸ்பத்திரியின் பாஷைக்குள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது அடுக்களை. 'தயிர் சேர்க்கலாமா' என்பதில் தயிர் ஒரு சாக்கு. இந்த உடம்புக்கு நான் இனி என்ன செய்யமுடியும் என்பதே கேள்வி.

இதற்கு இரண்டு தவறான பதில்கள் புழக்கத்திலுள்ளன. தலைநிமிராமல் சொல்லப்படும் 'எது வேணாலும் கொடுங்க' என்பது ஒன்று. அது பல சமயம் உண்மையும்கூட. ஆனால் அவளுடைய வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. இன்னொன்று, அது கூடாது இது கூடாது என்று ஆதாரமில்லாத ஒரு பத்தியப் பட்டியல். வேலை கிடைத்துவிடுகிறது. ஆனால் நாளை காய்ச்சல் ஏறினால் பழி தயிர்மேல் விழும், அதாவது, அவள்மேல். மருந்து தோற்றதன் பாவத்தை ஒரு கரண்டி தயிர் ஆயுள் முழுக்கச் சுமக்கும் வீடுகள் உண்டு.

'தயிரால் ஒன்றும் ஆகாதம்மா. மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ ராத்திரியானாலும் கூட்டி வந்துவிடுங்கள்.' இது பதில். பழியை எடுத்துவிட்டுக் கண்களுக்கு வேலை கொடுக்கிறது. வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்களே என்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு வரிசையின் நீளம் தெரியும். ஆனால் இங்கே ஆனது இரண்டு வாக்கியம்.

1971ல் வங்காள அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹலனோபிஸ் என்ற டாக்டர், லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கரைத்து, கோப்பையை உறவினர்கள் கையில் கொடுத்தார். குடலில் சர்க்கரை உப்பை இழுத்துச் செல்ல, தண்ணீர் பின்தொடர்கிறது என்பது அதற்குள் விஞ்ஞானம் கண்டிருந்த விஷயம். அதைத் தாய்மார்களை நம்பி ஒப்படைக்கலாம் என்பது அவருடைய துணிவு. சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, அந்தக் கரைசலால் சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 சதவீதமாயிற்று. பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டாதே என்று பரம்பரையாகக் கேட்டு வந்தவர்கள் கைகள்தாம் அவை.

மருந்து என்பது நான்கு பேர் காரியம் என்று 950ஆம் குறள் கணக்கிடுகிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன். நான்காமவனை நாம் கேலிச் சித்திரமாக்கிவிட்டோம்.

அவனிடத்திலும் ஆபத்து உண்டு. 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க' என்று கெஞ்சுபவனும் அவனே. உடனிருப்பவன் அடுத்தவனுடைய மரணத்துக்குச் சொந்தக்காரனாகிவிடக்கூடும். இவான் இலியிச்சின் வீட்டார் அப்படித்தான் ஆனார்கள். கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான் பொய்யில் சேரவில்லை. எனவே கதவருகே நிற்பவனுக்குப் பதில் சொல்லட்டும், கட்டிலில் கிடப்பவனுக்கும் கேட்கிற குரலில்.