தேவிக்கு இளநீர், மாடனுக்குச் சாராயம்

கொல்கத்தாவின் காளிகாட்டில் பலியிட்ட ஆட்டின் கறியில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். இஞ்சியும் சீரகமும்தான். அதனாலேயே அதற்குச் சைவக் கறி என்று பெயர்! லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரனான எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

அந்தக் கறிக்கு எந்த மது பொருந்தும் என்றால், பிரான்சின் பர்கண்டிச் சிவப்பு ஒயின் என்பேன். பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. ஒயினில் நிறமும் துவர்ப்பும் குறைவு, புளிப்பு தூக்கல். இஞ்சி வாசனையை அமுக்காது. அவ்வூர்க்காரர்கள் மாட்டிறைச்சியையே அதில் ஊறப்போட்டு வேகவைப்பார்கள்.

என்னைக் குடைவது வேறொன்று. சாமிக்கு ருசி பேதம் உண்டா?

பர்கண்டியில் திராட்சையைப் பேணி வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் துறவிகள். 1098-இல் தோன்றிய சீத்தோ மடத்தார் வூஜோவில் மதில் கட்டி வளைத்த தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். திருப்பலிக்குத் திராட்சை ஒயின்தான் வேண்டும். வேறு எதுவும் செல்லாது என்பது கத்தோலிக்கச் சட்டம்.

சக்தியை வழிபடும் சாக்தர்களுக்கும், ‘ம’வில் தொடங்கும் ஐந்து மகாரங்களில் மது முதலாவது. ஆனால் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப் 1913-இல் புனைபெயரில் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மகாநிர்வாண தந்திரத்தைப் பாருங்கள்: கலியுகத்து இல்லறத்தானுக்குப் பால், சர்க்கரை, தேன் போதுமாம். வெண்கலப் பாத்திரத்தில் இளநீர் ஊற்றினாலும் மதுவாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்படியானால் தேவி பார்ப்பது பாவனையை மட்டும்தானா?

எங்கள் சுடலைமாடனிடம் இந்தச் சலுகை நடக்காது. கொடைக்குச் சாராயம் என்றால் சாராயம்தான். 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த பிறகு குவார்ட்டர் பாட்டில் படையலில் ஏறியது. மாடன் முறைப்பாடு சொன்னதாகக் கேள்வியில்லை. சரக்கு மாறலாம், போதை மாறக்கூடாது போலும். நான் மாடன் கட்சி. கேட்டதைக் கேட்டபடி வாங்கும் சாமியிடம்தான் கொடுப்பவனுக்கும் கை கொஞ்சம் நடுங்கும். இளநீரில் அந்த நடுக்கம் ஏது?

என் மனைவி ஒப்பவில்லை. "படையல் முடிஞ்சப்புறம் அந்த பாட்டிலை எந்தச் சாமி குடிக்குது? வீட்டு ஆம்பளைதானே? குடிகாரனைக் கட்டிக்கிட்டு மாரடிச்சவ எவளோ கெஞ்சிக் கேட்டுத்தான் இந்த இளநீர் விதியே வந்திருக்கும்" என்கிறாள். தந்திர நூலில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். எழுதினது ஆம்பளைதானே என்றாள்.