ஆமென் சொன்ன பிறகு

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாய் விரித்து நால்வரும் உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஜெபித்து முடித்துப் பாயைச் சுருட்டுவதற்குள் என் கைபேசி அடித்தது. நான் பணம் தர வேண்டியவர். "வெளியூர்ல இருக்கேன், திங்கட்கிழமை வந்து தர்றேன்" என்றேன். பாயின் மறுமுனையைப் பிடித்திருந்த மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எதுவும் கேட்கவில்லை.

அன்று அவன் ஒப்பித்த வசனம் எது என்பது மறந்துவிட்டது. அந்தப் பார்வை மறக்கவில்லை.

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க நாம் நிறையவே செய்கிறோம். ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, கோடை விடுமுறையில் வேதாகமப் பள்ளி, வசனப் போட்டி, திடப்படுத்தல். எல்லாம் வேண்டியவையே. ஆனால் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே, தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லும் வேளைகளைக் கவனியுங்கள். வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. அதற்கும் முன்பாக, அவை பேசுகிறவரின் இருதயத்தில் இருக்க வேண்டும் என்கிறார். அந்த வரிசை மாறிவிட்டால் வீட்டில் வசனம் இருக்கும், விசுவாசம் இருக்காது.

ஸ்காட்லாந்தில் டம்ஃபிரீஸ் நகரத்துக்கு அருகே டோர்தோர்வால்ட் என்றொரு சிற்றூர். அங்கே ஜேம்ஸ் பேட்டன் என்ற எளிய மனிதர் காலுறை நெய்து 11 பிள்ளைகளை வளர்த்தார். வீட்டின் நடுவில் ஒரு கட்டிலும் சிறு மேசையும் நாற்காலியும் மட்டுமே கொள்ளும் அறை. சாப்பிட்டு எழுந்ததும் அவர் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளிருந்து மன்றாடும் குரல் கேட்கும். பிள்ளைகள் சத்தமில்லாமல் நுனிக்காலில் கடந்துபோவார்கள். மூத்த மகன் ஜான் 1858-இல் பசிபிக் கடலின் தன்னா தீவுக்கு மிஷனரியாகப் போனார். சில மாதங்களிலேயே மனைவியையும் பச்சைக் குழந்தையையும் அந்த மண்ணில் புதைத்தார். மற்றதெல்லாம் நினைவிலிருந்து அழிந்தாலும் அப்பாவின் அந்த அறைக்குத் திரும்பிப்போய், அந்தக் குரலைக் கொண்டே சந்தேகத்தை வெல்வேன் என்ற பொருள்பட அவர் பின்னாளில் எழுதினார்.

ஜேம்ஸ் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஜெபிக்கவில்லை. கதவு சாத்தியே இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் கேட்டார்கள்.

நம் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் போதகரைப் பற்றியும் சபையாரைப் பற்றியும் நாம் பேசுவதைக் கேட்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனித் தம்ளரில் காப்பி கொடுப்பதைப் பார்க்கிறார்கள். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று வாசிக்கிற வீட்டில், வரன் பார்க்கும்போது முதல் கேள்வி சாதியாக இருப்பதையும், வரதட்சணைக்கு 'அன்பளிப்பு' என்று பெயர் வைப்பதையும் பார்க்கிறார்கள்.

என் அம்மா உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்து, ஊழியத்துக்கென்று வைத்திருந்த தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அரிசி குறைந்த நாட்களிலும் அந்தக் கை தயங்கியதில்லை. காணிக்கையைப் பற்றி அவர் எனக்கு ஒருநாளும் போதித்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

முன்மாதிரி உடனே பலன் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில், மிஷனரிகளான பெற்றோர் நடத்திய நிவாரணப் பணியில் பசித்த பிள்ளைகளுக்குத் தன் கையால் ரொட்டி ஊட்டிய சிறுமி. வளர்ந்ததும் அந்த வாழ்வே தனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். தாயின் நோய்க்காகத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அந்த இரவு அவரைத் திருப்பியது. அவர் தொடங்கிய பணிதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சிறுவயதில் ரொட்டி கொடுத்த கை எதையும் மறந்திருக்கவில்லை என்றே நம்புகிறேன். பெற்றோர் விதைக்கலாம், காத்திருக்கலாம். முளைக்கும் வேளை நம்முடையதல்ல.

அப்படியானால், தவறிவிடும் பெற்றோர் என்ன செய்வது? குற்றமற்ற தகப்பனைக் காட்டுவது நம்மால் ஆகாது. மனந்திரும்பும் தகப்பனைக் காட்டலாம். பெற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு ஒருநாளும் பார்த்திராத பிள்ளைக்கு, பாவமன்னிப்பு என்பது வெறும் ஞாயிறு பள்ளிச் சொல்லாகவே நின்றுவிடும்.

மறுநாள் இரவு ஜெபத்துக்கு முன் மகனிடம் சொன்னேன்: "நேத்து நான் பொய் சொன்னேன்டா. ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். உன்கிட்டயும் கேக்குறேன்." பிறகு அவன் முன்னாலேயே அந்த மனிதரை அழைத்து, ஊரில்தான் இருக்கிறேன், பணம் இன்னும் சேரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். சொல்வது கடினமாகத்தான் இருந்தது.

மகன் ஒன்றும் பேசவில்லை. ஆமென் சொன்ன பிறகு எழுந்து, பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.